தராசில் வைக்கும் முன் பிரித்துப் பார், தங்கச்சி!

பழைய கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக் காயலான் கடைத் தராசில் வைத்துவிடாதே, தங்கச்சி. வைத்த நிமிடமே அது வெறும் இரும்பாகிவிடும். கேபினெட் தகரத்துக்கு என்ன விலையோ, அதே விலைதான் உள்ளே இருக்கும் ராமுக்கும் பிராசஸருக்கும் செம்புக்கும் கிடைக்கும். பாத்திரக் கடையில் பழைய பித்தளையையும் அலுமினியத்தையும் ஒன்றாகக் கட்டி எடை போட நம் அம்மா சம்மதிப்பாளா? கம்ப்யூட்டருக்கும் அதே கணக்குதான்.

இந்த விஷயத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத மெஷின்களை ஆபீஸ்களும் டிடிபி சென்டர்களும் பள்ளிக்கூடங்களும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்கள். அவற்றில் பல நல்ல ஓட்டத்தில் இருப்பவை. இன்னொரு பக்கம், 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அந்த முதல் சில வருடத்து லேப்டாப்கள் எத்தனையோ வீட்டுப் பரணில் தூங்குகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தால் அவற்றில் நியாயமான காசு இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே மனதில் எழுதிக்கொள். பழைய கம்ப்யூட்டரில் அதிக மதிப்பு, இன்னும் வேலை செய்யும் பார்ட்டுக்குத்தான். அதற்கு அடுத்தது போர்டு. அதற்கும் அடுத்ததுதான் செம்பு, அலுமினியம். யூடியூபில் எல்லோரும் காட்டும் தங்கம், உனக்கும் எனக்கும் கடைசி வரிசை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிரிக்கும் முன் ஆன் பண்ணிப் பார்

ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்கு முன் மானிட்டரை மாட்டி பவர் கொடுத்துப் பார். மெஷின் ஓடினால் பிராசஸர் பெயர், ராம் அளவு, ஹார்ட் டிஸ்க் அளவு மூன்றையும் திரையிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள். "ஓடுது, இதோ படம்" என்று காட்டி விற்பதற்கும், "ஓடுமா தெரியாதுங்க" என்று விற்பதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. நான்காம் தலைமுறை ஐ5 ஒன்று நல்ல நிலையில் ஓடினால், அதைப் பிரிக்கவே வேண்டாம். எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் ஒரு பில்லிங் கவுண்டருக்கோ, படிக்கிற பிள்ளைக்கோ இன்னும் சில வருடம் ஓடும். முழு மெஷினாக வாங்க ஆள் இருப்பார்கள்.

ஓடவில்லை என்றாலும் உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்டாதே. ராமைக் கழற்றி, அதன் மஞ்சள் விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, திரும்ப அழுத்தி மாட்டினால் உயிர் பெறும் மெஷின்கள் ஏராளம். மதர்போர்டில் நிற்கும் சின்னச் சின்ன உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பார். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ கோளாறு அங்கேதான். 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இந்த வியாதி உலகம் முழுக்கவே இருந்தது. சாலிடரிங் தெரிந்த சர்வீஸ் கடைக்காரர் நான்கைந்து கெப்பாசிட்டரை மாற்றி அந்தப் போர்டை எழுப்பிவிடுவார். ஆகவே உப்பிய போர்டையும் உடைக்காமல் தனியாக வை.

ஹார்ட் டிஸ்க் உன் கையை விட்டுப் போகக் கூடாது

பணம் அப்புறம். டிஸ்க்கில் இருக்கும் தகவல் முதலில். அதிலும் டிடிபி சென்டர், ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர் மெஷின் என்றால் ஊரில் பாதிப் பேருடைய ஆதார் நகலும் சாதிச் சான்றிதழும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் அந்த டிஸ்க்கில் இருக்கும். அது உன் பொருள் இல்லை, அவர்கள் உன்னை நம்பிக் கொடுத்தது. அதனால் கேபினெட்டைத் திறந்ததும் முதலில் கழற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க்.

"குயிக் ஃபார்மட்" போதாது. அது பெயர்ப் பட்டியலை மட்டும்தான் அழிக்கிறது, ஃபைல்கள் அப்படியே கிடக்கும். விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது "குயிக்" என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடு. டிஸ்க் முழுவதும் ஒரு முறை பூஜ்ஜியம் எழுதப்படும். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். எஸ்எஸ்டி என்றால் அதன் கம்பெனி தரும் மென்பொருளில் செக்யூர் எரேஸ் என்று ஒரு வசதி இருக்கும், அதைப் பயன்படுத்து. பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார். "குட்" என்று நீல நிறத்தில் காட்டினால் செகண்ட் ஹேண்டில் விற்கலாம். வாங்குபவர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்பார், அதுவும் அங்கேயே தெரியும்.

டிஸ்க் செத்திருந்தால் பிரித்துவிடு. மூடியில் இருப்பவை நட்சத்திர வடிவ ஸ்க்ரூ, டார்க்ஸ் பிட் வேண்டும், பெரும்பாலும் டி8 அல்லது டி6. ஒரு ஸ்க்ரூ லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரலால் அழுத்தினால் குழி தெரியும். உள்ளே கண்ணாடிபோல் மின்னும் தட்டுதான் தகவல் இருக்கும் இடம். டெஸ்க்டாப் டிஸ்க்கில் அது பெரும்பாலும் அலுமினியம், வளைத்துக் கீறிவிடலாம். லேப்டாப்பின் சின்ன டிஸ்க்கில் பெரும்பாலும் கண்ணாடி, தட்டினால் சிதறும். துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடை. மூலையில் இருக்கும் நியோடிமியம் காந்தம் சின்னதாக இருந்தாலும் விரலை நசுக்கிவிடும். இரண்டு காந்தத்தையும் அருகருகே வைக்காதே, குழந்தைகள் கையில் கொடுக்காதே. விழுங்கினால் குடலையே துளைத்துவிடும். வெளிப்பெட்டி கனமான வார்ப்பு அலுமினியம், அடியில் இருக்கும் குட்டிப் பச்சை போர்டு தனி. இரண்டையும் தனித்தனிப் பையில் போடு.

ராம்: லேபிளைப் படிக்கத் தெரிந்தால் போதும்

எங்கள் கடைக்கு வரும் பழைய பொருட்களில் மக்கள் அதிகம் ஏமாறுவது ராமில்தான். விரல் நீளப் பட்டை, கனமே இல்லை, கிலோ கணக்கில் போட்டால் ஒன்றும் தேறாது. ஆனால் 8 ஜிபி ராம் ஒன்று வேலை செய்தால், பல சமயம் அந்த முழு கேபினெட்டின் இரும்பு விலையை அது ஒன்றே தாண்டிவிடும். 2025 கடைசியில் புது ராம் விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து பழைய டிடிஆர்4-ஐத் தேடி வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள்.

லேபிளில் "பிசி" என்று தொடங்கும் வரியைப் பார். பிசி2 என்றால் டிடிஆர்2. பிசி3 என்றால் டிடிஆர்3. பிசி4 என்றால் டிடிஆர்4. பிசி3-12800 என்றிருந்தால் 1600 வேகம், பிசி2-6400 என்றால் 800 வேகம். நடுவில் "எல்" என்ற எழுத்து சேர்ந்து வந்தால் குறைந்த வோல்டேஜில் ஓடும் ரகம். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் விடாதே. "யு" என்றால் டெஸ்க்டாப், "எஸ்" என்றால் லேப்டாப், "ஆர்" என்றால் சர்வருக்கானது. சர்வர் ராம் சாதாரண மெஷினில் ஓடாது, அதனால் "வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நீ போடாதே, சர்வர் வைத்திருப்பவர்கள் தேடி வாங்குவார்கள்.

லேபிள் கிழிந்துவிட்டதா? விளிம்பில் இருக்கும் வெட்டைப் பார். இரண்டு வெட்டு இருந்தால் பழைய எஸ்டி ராம், 168 பின். ஒரே வெட்டு என்றால் டிடிஆர் குடும்பம். அதில் 184 பின் முதல் தலைமுறை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் உடனே தெரியும். டிடிஆர்4-க்கு 288 பின், விளிம்பின் நடுப்பகுதி லேசாக வளைந்து இறங்கியிருக்கும்.

எஸ்டி ராமும் முதல் டிடிஆரும் இன்று யாருக்கும் அதிகம் தேவைப்படாது. அவை எடைக் கணக்கில் போகும், ஆனால் "ராம்" என்ற தனி விலையில். மதர்போர்டோடு கலக்காதே. விளிம்பில் இருக்கும் மஞ்சள் விரல்களைக் கத்தரித்து எடுக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி வெட்டவும் வெட்டாதே. வெட்டிய ராமை ராம் விலைக்கு எடுக்க மாட்டார்கள், விரல் நுனிகளை மட்டும் வாங்கும் ஆள் உன் ஊரில் இருக்கவும் மாட்டார். அதைவிடப் பழைய, 72 பின் சிம் வகையில் சிலவற்றுக்கு விரல் வெள்ளையாக இருக்கும். அது வெள்ளீயப் பூச்சு வகை, மஞ்சள் விரல் உள்ளதற்குத்தான் மதிப்பு அதிகம்.

பிராசஸர்: எண் பேசும்

ஃபேனையும் ஹீட் சிங்க்கையும் எடுத்தால் அடியில் சாம்பல் நிறப் பசை அப்பியிருக்கும். பஞ்சில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் துடை, எழுத்து வெளியே வரும். ஐ5-4570 என்று இருந்தால் கோட்டுக்கு அடுத்த முதல் எண்தான் தலைமுறை, அதாவது நான்கு. ஐ7-10700 போல ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டு எண், பத்தாம் தலைமுறை. இந்த ஒரு வரி தெரிந்தால் போதும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்று தைரியமாக விலை பேசலாம்.

ஏஎம்டி மெஷினில் ஒரு எச்சரிக்கை. ஏஎம்4 வரையிலான அவற்றின் டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஊசிகள் இருக்கும். பசை காய்ந்து இறுகியிருந்தால், ஹீட் சிங்க்கை நேராக இழுக்கும்போது பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வெளியே வந்து ஊசி வளையும். மெஷின் ஓடினால் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கு, பவரைப் பிடுங்கிவிட்டு ஹீட் சிங்க்கை இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடு. இன்டெல்லில் 2004-ல் வந்த 775 சாக்கெட்டிலிருந்து கதை தலைகீழ். பிராசஸருக்கு ஊசி கிடையாது, மதர்போர்டு சாக்கெட்டில்தான் ஊசிகள். அங்கே ஒரு விரல் பட்டு ஊசி வளைந்தால் விற்க வேண்டிய போர்டு எடைக்குப் போகும். சாக்கெட்டின் கறுப்பு மூடியைத் தொலைக்காமல் திரும்ப மாட்டு. மூடி இல்லையென்றால் ஓடாத பிராசஸர் ஒன்றையே அதில் வைத்து மூடு.

இனி நிஜமாகவே அரிய சரக்கு. பச்சை நிறமாக இல்லாமல், சாம்பல் கலந்த ஊதா நிறத்தில், பீங்கான் ஓடுபோல் கனமாக, நடுவிலோ அடியிலோ பொன்னிற மூடியோடு ஒரு பிராசஸர் கிடைத்தால் நிறுத்து. 386, 486, முதல் பென்டியம் காலத்துச் செராமிக் வகை அது. 1995-ல் வந்த பென்டியம் புரோ இவற்றில் ராஜா, சதுரமாக இல்லாமல் நீள்செவ்வகமாகப் பெரிதாக இருக்கும். அதன் ஊசியில் காந்தம் ஒட்டுகிறதே, இது இரும்புதான் என்று யாராவது சொன்னால் ஏமாறாதே. செராமிக் வகையின் ஊசிகள் இரும்பு, நிக்கல், கோபால்ட் கலந்த உலோகத்தில் செய்து மேலே தங்கம் பூசியவை, காந்தம் ஒட்டத்தான் செய்யும். ஊசி வளையாமல், எழுத்து அழியாமல் இருக்கும் செராமிக் பிராசஸரைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் முழுசாக வாங்குகிறார்கள். எடைக்குப் போடுவதற்கு முன் அவர்களிடம் கேள்.

போர்டுகள்

பச்சை போர்டையும் பிரவுன் போர்டையும் கலக்காதே, இது முதல் விதி. மதர்போர்டு, லேப்டாப் போர்டு, ராம், கார்டுகள் எல்லாம் பெரும்பாலும் பச்சை, சில நீலம், சிவப்பு, கறுப்பு. ஃபைபர் கண்ணாடி இழையில் செய்த பல அடுக்குப் போர்டுகள் அவை. பழைய டியூப் மானிட்டர், எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளைப் பெட்டி, மலிவு பிரிண்டர் ஆகியவற்றின் உள்ளே இருப்பது பிரவுன் நிறத்தில், அட்டை மாதிரி, ஒரு பக்கம் மட்டும் கோடு போட்டது. அதில் விலை உயர்ந்த உலோகம் ஏறக்குறைய இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கொடுத்தால் முழு மூட்டைக்கும் பிரவுன் விலைதான் போடுவார்கள்.

மதர்போர்டைக் கொடுக்கும் முன் அதன் மேல் இருக்கும் அலுமினிய ஹீட் சிங்க், பின்பக்கத் தகரப் பட்டி, காசு அளவு பேட்டரி மூன்றையும் எடுத்துவிடு. வாங்குபவர் இவற்றைக் காரணம் காட்டித்தான் விலை குறைப்பார். 386, 486 காலத்துப் போர்டில் நீலமாகவோ பச்சையாகவோ பீப்பாய் வடிவப் பேட்டரி இருக்கும், கசிந்து பச்சை பூத்திருக்கும். கையுறை போட்டு வெட்டி எடு.

நீளமான கறுப்பு ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள பழைய போர்டு ஓடும் நிலையில் கிடைத்தால் எடைக்குப் போடாதே. பழைய தொழிற்சாலை இயந்திரங்களில் அந்தக் காலத்துக் கன்ட்ரோல் கார்டுதான் இன்னும் ஓடுகிறது, போர்டு போனால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. பேரலல் போர்ட் கார்டும் அப்படித்தான். கிராஃபிக்ஸ் கார்டு எதுவாக இருந்தாலும் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு விலை சொல்.

காந்தமும் அரமும் போதும் உலோகத்துக்கு

காந்தம் ஒட்டினால் இரும்பு. கேபினெட், டிவிடி டிரைவ், ஃபிளாப்பி டிரைவ் எல்லாம் இதில்தான் சேரும். டிவிடி டிரைவைப் பிரித்துக்கொண்டு உட்காராதே, அரை மணி நேரத்தில் கிடைப்பது தகரமும் ஒரு குட்டி மோட்டாரும்தான். உன் நேரத்துக்கும் விலை இருக்கிறது.

ஹீட் சிங்க்கில் கவனம் வேண்டும். வெளியே அலுமினியமாகத் தெரிந்தாலும் பழைய இன்டெல் ஹீட் சிங்க் சிலவற்றின் நடுவில் வட்டமான செம்புக் கட்டை இருக்கும். பளபளவென்று வெள்ளையாக இருப்பது நிக்கல் பூசிய செம்பாகவும் இருக்கலாம். கையில் எடுத்தாலே கனம் சொல்லிவிடும், சந்தேகம் என்றால் அரத்தால் ஓரத்தில் ஒரு இழு, சிவப்பு தெரியும். லேப்டாப் உள்ளே தட்டையாக வளைந்து போகும் குழாய் செம்புதான்.

இதே அரம் யுபிஎஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வேண்டும். சுற்றியிருக்கும் கம்பி செம்பு நிறத்தில் மின்னும், ஆனால் அது மேல் வார்னிஷின் நிறம். உள்ளே அலுமினியமாகவும் இருக்கலாம். ஒரு முனையைச் சுரண்டிப் பார். பவர் கார்டிலும் இதைச் செய், செம்பு முலாம் போட்ட அலுமினியக் கம்பியை மலிவு ஒயர்களில் போட்டிருப்பார்கள்.

யுபிஎஸ்ஸை எடைக்குப் போடும் முன் இன்னொன்று. செத்துப்போனதாக வரும் யுபிஎஸ்களில் பெரும்பாலானவற்றில் போயிருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி மட்டும்தான். வேறு நல்ல பேட்டரி மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். பழைய பேட்டரி ஈயமும் அமிலமும் நிறைந்தது, காயலான் கடைக்குப் போகவே கூடாது. புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து விலை குறைத்து வாங்கலாம்.

கீபோர்டில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்தான், அதில் நேரம் செலவழிக்காதே. ஆனால் டிவிஎஸ் கோல்டு கிடைத்தால் துடைத்து எடுத்து வை. ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு அது, டைப்பிங் தெரிந்தவர்கள் இன்றும் தேடி வாங்குவார்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஓடினால் அதற்கும் ஆள் உண்டு, கார்பன் காப்பியோடு பில் போடும் லாரி ஆபீஸ்களும் மொத்த வியாபாரிகளும் அதை விடவில்லை. சதுர எல்சிடி மானிட்டரைக் கண்காணிப்புக் கேமரா பார்ப்பதற்காக வாங்குவார்கள். லேப்டாப் அடாப்டரை, அதன் மேல் இருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்ணைச் சொல்லி விற்கலாம். கோடு விழாத லேப்டாப் திரை தனிச் சரக்கு.

தொடக் கூடாதவை

இதை இரண்டு முறை படி.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதே. நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்னாக மாறும்போது 320 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். முழுப் பெட்டியாகவே விலைக்குப் போகும், திறந்து அடையப் போவது ஒன்றுமில்லை.

டியூப் மானிட்டரை உடைக்காதே. பின்பக்கச் செம்புச் சுருளுக்காகக் கழுத்தை உடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். காற்றில்லாத கண்ணாடிக் குடுவை அது, உள்நோக்கி வெடித்துச் சிதறும். கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, உட்பக்கத்தில் பூசிய தூளும் சுவாசிக்கத் தக்கதல்ல. பழைய எல்சிடி மானிட்டரின் வெளிச்சம் மெல்லிய டியூபிலிருந்து வருகிறது, அதில் பாதரசம் இருக்கிறது. பேனலைப் பிரிக்காதே.

லேப்டாப் பேட்டரி பேக்கை உடைத்து உள்ளே இருக்கும் செல்லை எடுக்காதே. லித்தியம் செல்லில் ஸ்க்ரூடிரைவர் முனை பட்டால் தீப்பிடிக்கும், அந்தத் தீயை அணைப்பது லேசல்ல. உப்பியிருந்தால் அழுத்தாதே, சார்ஜ் போடாதே. மணல் போட்ட இரும்பு வாளியில் வைத்து வீட்டுக்கு வெளியே நிழலில் வை.

தங்கம் எடுக்கிறேன் என்று ஆசிட் பக்கம் போகாதே

டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களைப் பழைய எலெக்ட்ரானிக் பொருட்களிலிருந்தே செய்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? 2017-லிருந்து 2019 வரை ஜப்பான் முழுக்கச் சேர்த்தது சுமார் 79,000 டன் சின்னச் சின்னக் கருவிகள். கூடவே 62 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்போன்கள். அத்தனையையும் நவீன ஆலைகளில் உருக்கிப் பிரித்ததில் கிடைத்த தங்கம் சுமார் 32 கிலோ. இப்போது உன் முன்னால் இருக்கும் இரண்டு மதர்போர்டையும் நான்கு ராமையும் நினைத்துப் பார். போர்டில் தங்கம் இருப்பது உண்மை, ஆனால் பூச்சாக, கண்ணுக்குத் தெரியாத கனத்தில் இருக்கிறது. டன் கணக்கில் சேர்க்கும் ஆலைக்குத்தான் அது லாபம். போர்டு விலையில் அந்தத் தங்கத்தின் உன் பங்கு ஏற்கெனவே சேர்ந்துதான் வருகிறது.

வீட்டு மொட்டை மாடியில் நைட்ரிக் ஆசிட்டை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் வாளியில் போர்டை ஊறப் போடுகிறார்களே, அந்தப் பிரவுன் நிறப் புகை நுரையீரலை எரிக்கும். அந்த நேரத்தில் லேசான இருமலோடு போய்விட்டதாகத் தெரியும், பல மணி நேரம் கழித்து மூச்சு முட்டும். மிச்ச ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றினால் ஈயமும் செம்பும் அதோடு சேர்ந்து தெருவின் நிலத்தடி நீருக்குப் போகும். செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதும் அதே பாவம்தான். பிவிசி எரிந்தால் வருவது டையாக்ஸின் கலந்த நச்சுப் புகை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கும். உறையோடு ஒயரை விற்றால் கிலோவுக்குக் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

எங்கே கொடுப்பது

மூன்று வகைக் கடை, மூன்று வகைச் சரக்கு. ஓடும் பார்ட்டுகள் செகண்ட் ஹேண்ட் கடைக்கும் சர்வீஸ் கடைக்கும். சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட், மற்ற ஊர்களில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரரே வாங்குவார் அல்லது வாங்குபவரைக் காட்டுவார். போர்டுகள் எலெக்ட்ரானிக் கழிவு எடுப்பவருக்கு. தகரம், அலுமினியம், செம்பு காயலான் கடைக்கு. மூன்றையும் ஒரே ஆளிடம் "மொத்தமா என்ன தருவீங்க?" என்று கேட்காதே. வீட்டிலேயே ரகம் வாரியாக எடை போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. சரக்கைக் காட்டும் முன் "பச்சை போர்டு கிலோ என்ன, ராம் கிலோ என்ன, அலுமினிய வார்ப்பு என்ன?" என்று தனித்தனியாகக் கேள். இரண்டு கடையில் கேட்டுவிட்டு மூன்றாவதில் கொடு. உலோக விலை வாராவாரம் மாறும், பழைய விலையை நம்பி அடம் பிடிக்க வேண்டாம். ராமையும் பிராசஸரையும் வெறும் பாலிதீன் பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போகாதே, நிலைமின்சாரம் ஒரு நொடியில் அதைக் கொன்றுவிடும். புது பார்ட் வந்த வெள்ளிநிறக் கவர்களை எடுத்து வைத்து அதில் போடு.

நச்சு உள்ளவை, அதாவது டியூப் மானிட்டர், பாதரச டியூப் உள்ள எல்சிடி, லித்தியம் பேட்டரி ஆகியவற்றைக் காசு வந்தாலும் வராவிட்டாலும் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமே கொடு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்யும் நிறுவனங்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போக ஆள் வந்தால் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார், அதன் பிறகு மூட்டையைக் கொடு.